வாசகம் வாசிக்கப் போகையில் முழந்தாளா, வணக்கமா?

பீடத்துக்கு முழந்தாளிடவில்லை என்று ஒரு அன்ரி ஏசினதாக எழுதியிருந்தீர்கள். பிழை உங்களில் இல்லை. மட்டக்களப்பு ஆயித்தியமலைத் திருவிழாப் பந்தலில், திருப்பலியில் வேதாகம வாசகம் வாசிக்கப் போனபோது பீடத்துக்கு முன் ஆழமாகக் குனிந்தீர்களே, அதுதான் சரி. முழந்தாளிடுவது பீடத்துக்கல்ல, நற்கருணைக்கு, அதாவது இயேசுவின் உடலாக நாம் வணங்கும் அப்பத்துக்கு.

அந்த அன்ரிக்கு முழந்தாளிடுவது கோயிலுக்குள் வந்த பழக்கமாக இருக்கும். அங்கே பீடத்துக்குப் பின்னாலேயே நற்கருணையை வைக்கும் பெட்டியான நற்கருணைப் பேழை. இரண்டும் ஒன்றென்று ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள்.

அடுத்த முறை கோயிலுக்குள் நுழையும்போது பேழையருகே விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் சிவப்புக் கண்ணாடிதான். எரிந்தால் உள்ளே நற்கருணை இருக்கிறது, வலது முழங்கால் தரையில் பட வேண்டும். வாங்கைப் பிடித்துக்கொண்டு நம்மாட்கள் போடும் அரைக்குனிவு கணக்கில் வராது! முழங்கால் வருத்தக்காரர் ஆழமாகக் குனிந்து வணங்கினால் போதும்.

ஒன்று மட்டும்: பெரிய வெள்ளியில் சிலுவை ஆராதனை தொடங்கி பாஸ்கா திருவிழிப்பு (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு வழிபாடு) தொடங்கும் வரை சிலுவைக்கும் முழந்தாள்தான்.