பழைய காரில் பெரிய என்ஜின்: கேட்டவர்களுக்குப் பதில்

கே: அண்ணா, என் காரில் 1500 சிசி என்ஜின். அதில் எட்டு சிலிண்டர் வி8 என்ஜின் உட்காருமா? அளந்து பார்த்தேன், இடம் இருக்கிறது.

ப: நீளமும் அகலமும் மட்டும் அளந்திருப்பீர்கள். என்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி (சம்ப்) கீழே குறுக்குச் சட்டத்தில் இடிக்குமா, எக்ஸாஸ்ட் குழாய் ஸ்டியரிங் தண்டைத் தொடுமா, ரேடியேட்டருக்கு இடம் மிஞ்சுமா? 1964இல் வந்த சன்பீம் டைகர் காரைப் பாருங்கள். அதே கம்பெனியின் நாலு சிலிண்டர் ஆல்பைன் காருக்குள் ஃபோர்டின் 4.3 லிட்டர் வி8-ஐத் திணித்தார்கள். பழைய ஸ்டியரிங் பெட்டிக்கு இடமில்லாமல் ராக் அண்ட் பினியன் (பல் சக்கரமும் பல் தண்டும் கொண்ட) ஸ்டியரிங்குக்கு மாறினார்கள். பின்னால் இருக்கும் ஒரு ஸ்பார்க் பிளக்கை எட்ட, உட்காரும் பக்கமிருந்து, என்ஜினை மறைக்கும் தடுப்புச் சுவரில் ஓட்டை போட்டார்கள். கம்பெனிக்கே அந்தக் கதி! உள்பாகங்கள் இல்லாத காலி என்ஜின் பிளாக்கை இறக்கிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

பிரேக்கைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. வேகம் ஒன்றரை மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 2.25 மடங்கு. முதலில் பிரேக், அப்புறம் என்ஜின்.

கே: பழைய கியர்பாக்ஸே போதுமா சார்?

ப: சிசியைப் பார்க்காதீர்கள், டார்க்கை, அதாவது என்ஜினின் சுழற்றும் விசையைப் பாருங்கள். பெரும்பாலும் தாங்காது. என்ஜினோடு அதன் கியர்பாக்ஸையும் சேர்த்தே வாங்குங்கள். பின் ஆக்சிலையும் மறக்க வேண்டாம். அதன் பல் விகிதம் சின்ன என்ஜினுக்காக வைத்தது. மாற்றாவிட்டால் நெடுஞ்சாலையில் புது என்ஜின் வீணாகக் கத்திக்கொண்டே ஓடும்.

கே: பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் என்ஜினுக்குப் பழைய பெட்ரோல் பம்ப் ஆகுமா?

ப: ஆகாது. கார்புரேட்டருக்கு 3 முதல் 5 பிஎஸ்ஐ அழுத்தம் போதும், இன்ஜெக்‌ஷனுக்குப் பெரும்பாலும் 40க்கு மேல். ஒயரிங், இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), சாவி எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுங்கள்.

கே: எத்தனை குதிரைத்திறன் வரை போகலாம்?

ப: பிரேக் தாங்கும் வரை.

கே: வி8 போட்டால் மூக்கு கனத்துவிடும். வளைவில் திருப்பினால் வண்டி நேராகப் போகும். இதை ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

ப: எல்லா வி8-உம் கனமில்லை என்பதால்தான். 1973இல் எம்ஜிபி ஜிடி காரில் வைத்த 3.5 லிட்டர் ரோவர் வி8 அலுமினியத்தில் வார்த்தது. அதே காரின் 1.8 லிட்டர் நாலு சிலிண்டரோ வார்ப்பிரும்பு. எடை ஏறக்குறைய ஒன்றுதான்.

கே: அது ஒன்று தப்பித்தது. அதை வைத்து எல்லோருக்கும் தைரியம் சொல்லாதீர்கள்.

ப: எல்லோருக்கும் சொல்லவில்லை. இரும்பு வி8 என்றால் நீங்கள் சொல்வதே சரி. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாற்றியாக வேண்டும். ஆனால் 'வி8 என்றாலே கனம்' என்பது தராசில் ஏற்றாமல் பேசும் பேச்சு. இரண்டு என்ஜினையும் எடை போடுங்கள், எத்தனை சிலிண்டர் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். முடிந்தால் தடுப்புச் சுவரை ஒட்டிப் பின்தள்ளி வையுங்கள், பாரம் முன் சக்கரங்களை விட்டு நகரும்.

கே: அண்ணா, எத்தனை குதிரைத்திறன்...

ப: மேலே படியுங்கள். பிரேக்!

கே: பதிவுத் தாளில் என்ஜின் எண் மாறுமே?

ப: பதிவு அலுவலகத்தில் கேளுங்கள். என்ஜின் வாங்கும் முன்பே.

கே: பழைய என்ஜினை விற்றுவிடலாமா?

ப: வேண்டாம். சிலிண்டர்களில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மூடி வையுங்கள். சட்டத்தை வெட்டாமல் போல்ட்டில் மாட்டியிருந்தால் என்றைக்கும் திருப்பி வைக்கலாம்.