பில் இல்லாத பழைய பொருளை இணையத்தில் விற்றால் வரி உண்டா? ஆடிட்டர் பதில்கள்

வீட்டில் கிடக்கும் பொருட்களை இணையத்தில் விற்பவர்களின் கடிதங்களில் இரண்டு பயங்கள் மாறி மாறி வருகின்றன. வங்கிக் கணக்கில் பணம் வந்ததைப் பார்த்து வருமானவரித் துறை நோட்டீஸ் அனுப்பிவிடுமோ என்பது ஒன்று. பில் தொலைந்துவிட்டதால் வந்த தொகை முழுவதையும் லாபம் என்று சொல்லிவிடுவார்களோ என்பது இன்னொன்று. முதல் பயம் பெரும்பாலோருக்குத் தேவையற்றது. இரண்டாவதற்கு நேர்மையான வழி இருக்கிறது. கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: மாற்றலாகிப் போவதால் ஃபிரிட்ஜ், சோஃபா, தேக்குக் கட்டில், ஸ்கூட்டர் எல்லாவற்றையும் இணையத்தில் விளம்பரம் கொடுத்து விற்றேன். மொத்தம் 1,40,000 ரூபாய் யுபிஐ மூலம் வந்தது. எதற்கும் பில் இல்லை. ரிட்டர்னில் காட்ட வேண்டுமா? (வாசகர், கோவை)

வேண்டாம். நீங்களும் உங்களைச் சார்ந்த குடும்பத்தாரும் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த அசையும் பொருட்களை மூலதனச் சொத்து (விற்று வரும் லாபத்துக்கு வரி உள்ள சொத்து) என்ற வரையறையிலிருந்தே வருமானவரிச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. துணிமணி, மரச்சாமான், செல்போன், சொந்த வண்டி எல்லாம் இதில் அடங்கும். 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமானவரிச் சட்டத்திலும் இந்த விலக்கு தொடர்கிறது. வாங்கியதைவிட அதிக விலைக்கு விற்றிருந்தாலும் வரி கிடையாது. ஆகவே வாங்கிய விலை என்ன என்ற கேள்வியே எழாது. அதேபோல, கட்டிலை நஷ்டத்துக்கு விற்றேன் என்று சொல்லி அந்த நஷ்டத்தை வேறு லாபத்தில் கழிக்கவும் முடியாது.

தொழில் கணக்கில் காட்டித் தேய்மானம் கழித்த லேப்டாப், கேமரா, கார் ஆகியவை இந்த விலக்கில் வராது. அவை வீட்டில் இருந்தாலும் தொழிலின் சொத்துகளே.

விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும், வாங்கியவருடன் விலை பேசிய செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, யாரோ ஒருவர் அனுப்பிய 18,500 ரூபாய் எதற்கு என்று கேட்டால், கட்டிலின் படத்தோடு இருக்கும் அந்த விளம்பரம்தான் உங்களுக்காகப் பேசும்.

கேள்வி: அம்மா எனக்கு விட்டுச்சென்ற 10 பவுன் சங்கிலி இருக்கிறது. 1984-இல் அவர் கல்யாணத்துக்கு வாங்கியது, பில் இல்லை. வீட்டுக்கே வந்து எடை போட்டு வாங்கும் ஆன்லைன் நிறுவனம் ஒன்று 8 லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்கிறது. எனக்கு 66 வயது, வேறு வருமானம் இல்லை. 500 கிராம் வரை கணக்குக் காட்ட வேண்டாம் என்கிறார்களே? (வாசகி, கும்பகோணம்)

அம்மா, அந்த 500 கிராம் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். 1994-இல் நேரடி வரிகள் வாரியம் தன் அதிகாரிகளுக்கு ஓர் அறிவுறுத்தல் தந்தது. சோதனைக்குப் போகும்போது மணமான பெண்ணிடம் 500 கிராம், மணமாகாத பெண்ணிடம் 250 கிராம், ஆணிடம் 100 கிராம் வரையிலான நகையைப் பறிமுதல் செய்ய வேண்டாம் என்பதே அது. விற்பனை லாபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நகை தினமும் கழுத்தில் கிடந்ததே ஆனாலும், சொந்த உபயோகப் பொருளுக்கான விலக்கு அதற்குக் கிடையாது. லாபத்துக்கு வரி உண்டு. ஆனால் பில் இல்லாவிட்டால் அடக்க விலை பூஜ்யம் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. வாரிசாக வந்த சொத்துக்கு முன்னவர் வாங்கிய விலையும், அவர் வைத்திருந்த காலமும் உங்களுக்கும் பொருந்தும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்றால், அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பையே அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். 1984-இல் என்ன விலை கொடுத்தார்கள் என்று தேட வேண்டியதே இல்லை.

2001 ஏப்ரலில் தங்கம் கிராம் ஏறக்குறைய 400 ரூபாய். 80 கிராமுக்கு 32,000 ரூபாய். 8 லட்சத்தில் இதைக் கழித்தால் லாபம் 7,68,000. இது நீண்டகால லாபம். 2024 ஜூலை 23 முதல் பணவீக்கச் சரிக்கட்டல் (விலைவாசி ஏற்றத்துக்கேற்ப அடக்க விலையை உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீதம் வரி. நேராகப் பெருக்கினால் 96,000 ரூபாய் வரும். பலரும் இங்கேயே நிறுத்திவிட்டுக் கலங்கிப்போகிறார்கள். இந்தியாவில் வசிக்கும் உங்களுக்கு வேறு வருமானம் இல்லாததால், அடிப்படை விலக்கு வரம்பை இந்த லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறைப்படி அந்த வரம்பு 4 லட்சம். மீதி 3,68,000-க்கு வரி 46,000, அதன்மீது 4 சதவீத செஸ் 1,840. ஆக மொத்தம் 47,840 ரூபாய். ரிட்டர்ன் கட்டாயம் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் வயதில், தொழில் வருமானம் இல்லாதவருக்கு முன்கூட்டிய வரி கிடையாது என்பதால் ரிட்டர்னோடு கட்டினால் போதும்.

இனி ஆதாரம். விற்பதற்கு முன்பே, நகை கையில் இருக்கும்போதே, பதிவு பெற்ற நகை மதிப்பீட்டாளரிடம் எடை, தரம், 2001 ஏப்ரல் 1 மதிப்பு ஆகியவற்றுடன் அறிக்கை வாங்குங்கள். உருக்கிய பிறகு யாராலும் எதையும் மதிப்பிட முடியாது. கல் பதித்த நகையாக இருந்தால் கல்லும் அரக்கும் போக நிகர எடையைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். அம்மா அந்தச் சங்கிலியை அணிந்திருக்கும் கல்யாணப் படத்தைத் தேடி எடுங்கள். கொக்கியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். செய்த கடையின் முத்திரை அங்கே இருக்கக்கூடும். தங்க நகைக்கு பிஐஎஸ் ஹால்மார்க் 2000-இல்தான் தொடங்கியது. அந்த முத்திரை இல்லாதது தனியாக எதையும் நிரூபிக்காது; படத்தோடும் அறிக்கையோடும் சேரும்போது வலுச்சேர்க்கும். உயில், பாகப்பிரிவினைப் பத்திரம், பழைய அடகுச் சீட்டு இவையும் நல்ல சாட்சிகள். அடகுச் சீட்டில் நகையின் பெயர், எடை, தேதி மூன்றும் இருக்கும் என்பதால் அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள். 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் வாங்கியவருக்கு விதிக்கப்படும். நகை விற்பனையில் பணம் வாங்குபவர் நீங்கள்தான்.

கேள்வி: பழைய வளையலைக் கடையில் கொடுத்துப் புதிய வளையல் எடுத்தேன். கையில் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. இதற்குமா வரி? (வாசகி, திருநெல்வேலி)

ஆம். மாற்றிக்கொள்வதும் சட்டப்படி உரிமை மாற்றமே. கடைக்காரர் பழைய நகைக்குப் போட்ட விலைதான் உங்கள் விற்பனை விலை. அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். புதிய வளையலின் பில்லையும் அதன் கூடவே வையுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட பில் சில ஆண்டுகளில் வெளுத்து வெற்றுத்தாளாகிவிடும். வாங்கிய அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வெள்ளித் தட்டு, டம்ளர், பூஜையில் வைத்திருந்த வெள்ளிக் காசுகள். இவையும் நகைக் கணக்கா? (வாசகர், காரைக்குடி)

வீட்டில் உண்மையிலேயே புழங்கிய வெள்ளிப் பாத்திரங்களைச் சொந்த உபயோகப் பொருட்கள் என்று ஏற்ற உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு. காசுகளின் நிலை வேறு. பூஜைக்கு வைத்திருந்த தங்கக் காசுகளும் வெள்ளிக் கட்டிகளும் அந்த விலக்கில் வராது என்று உச்ச நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பளித்தது. வருடத்தில் ஒரு நாள் எடுத்துப் பூஜை செய்துவிட்டு மீண்டும் பெட்டியில் வைப்பது புழக்கம் ஆகாது என்பதே அதன் சாரம். கல் பதித்த பாத்திரம் என்றால் அதுவும் நகைக் கணக்கில் போய்விடும்.

கேள்வி: தாத்தா காலத்துத் தஞ்சாவூர் ஓவியத்தை இணையத்தில் பார்த்துவிட்டு வெளிநாட்டுக்காரர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். வரி எப்படி? (வாசகர், தஞ்சாவூர்)

வரிக்கு முன் வேறொன்றைப் பாருங்கள். அது நூறு ஆண்டுக்கு மேற்பட்டதாக இருந்தால், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி தனியார் அதை நாட்டைவிட்டு அனுப்பவே கூடாது. இந்திய தொல்லியல் துறையிடம் வயதைக் கேட்டுத் தெளிவு பெறாமல் கூரியரில் ஏற்றிவிடாதீர்கள். நூறு ஆண்டு கடந்த ஓவியத்தை வைத்திருப்பதற்கே பதிவு தேவை. உள்நாட்டில் விற்றால் ஓவியமும் சிலையும் மூலதனச் சொத்துதான். நகைக்குச் சொன்ன 2001 கணக்கும் மதிப்பீட்டு அறிக்கையும் இதற்கும் பொருந்தும்.

கேள்வி: நடைபாதைக் கடைகளில் பழைய புத்தகங்கள் வாங்கி இணையத்தில் விற்கிறேன். அவர்கள் பில் தருவதில்லை. எல்லாம் பழைய பொருள்தானே? (வாசகர், சென்னை)

பொருள் பழையதானாலும் நீங்கள் செய்வது வியாபாரம். விற்பதற்காகவே வாங்கும் பொருளைச் சொந்த உபயோகம் என்று சொல்ல முடியாது. சிறு வியாபாரிகளுக்கான அனுமான வருமான முறை உங்களுக்கு ஏற்றது: வங்கி வழி வந்த விற்பனையில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் என்று லாபம் காட்டினால் கொள்முதல் பில்களைக் கோத்து வைக்க வேண்டியதில்லை. உண்மை லாபம் அதைவிட அதிகம் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். தேதி, இடம், கொடுத்த தொகையை அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். விற்பனைத் தளத்தில் பான் எண்ணைக் கொடுத்துவிடுங்கள்; ஆண்டு விற்பனை 5 லட்சத்தைத் தாண்டாத தனிநபருக்குத் தளம் வரி பிடிக்காது, பான் இல்லாவிட்டால் 5 சதவீதம் பிடித்துவிடும். ஜிஎஸ்டி பதிவு தேவையா என்பதை வெளி மாநிலங்களுக்கு அனுப்பத் தொடங்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: தெரிந்த நகைக்கடைக்காரர் பழைய தேதியிட்டு ஒரு பில் போட்டுத் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? (பெயர் வேண்டாம்)

கூடவே கூடாது. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் கேட்பவர்களில் பலருக்கு அந்தப் பொய் தேவையே இல்லை. 2001 மதிப்பும் ஒரு மதிப்பீட்டு அறிக்கையும் போதுமான இடத்தில் போலி பில்லை வைத்தால், நேர்மையான கணக்கே குற்றமாகிவிடும். தெரியாமல் குறைத்துக் காட்டினால் குறைந்த வரியில் 50 சதவீதம் அபராதம். பொய் ஆவணம் வைத்தால் 200 சதவீதம்.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கும் என் மகன் ஊர் திரும்புமுன் வீட்டுச் சாமான்களை இணையத்தில் விற்றான். 4,300 டாலருக்கு 1099-கே படிவம் வந்திருக்கிறது. ரசீதுகள் இல்லை. (வாசகர், திருச்சி)

அமெரிக்க மத்திய அரசின் அளவில் 20,000 டாலரும் 200 பரிவர்த்தனையும் தாண்டினால்தான் அந்தப் படிவம். நியூ ஜெர்சி மாநிலத்தின் வரம்பு 1,000 டாலர். அதனால் வந்திருக்கும். அது வரிக்கான பில் இல்லை. கைமாறிய மொத்தத் தொகையின் தகவல் மட்டுமே. அங்கே சொந்தப் பொருளை லாபத்துக்கு விற்றால் வரி உண்டு. நஷ்டத்துக்கு விற்றால் வரி இல்லை, அந்த நஷ்டத்தை வேறு பொருளின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. ஆகவே பொருள் பொருளாகப் பிரித்து எழுத வேண்டும். நஷ்டத்துக்கு விற்றவற்றின் தொகையைக் குறிப்பிட்டு நீக்க, அமெரிக்க வரி ரிட்டர்னோடு இணைக்கும் ஷெட்யூல் 1 படிவத்தின் தொடக்கத்திலேயே இடம் இருக்கிறது. ரசீது இல்லாவிட்டாலும் மின்னஞ்சலில் பழைய ஆர்டர்களும், கிரெடிட் கார்டு அறிக்கைகளும் இருக்கும். எந்தப் பொருளை எப்போது, எவ்வளவுக்கு வாங்கினான் என்று அவற்றைப் பார்த்து ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள். அங்குள்ள வங்கிக் கணக்கை மூடுவதற்கு முன்பே அந்த அறிக்கைகளைத் தரவிறக்கிக்கொள்ளட்டும்.