அரச கந்தோரில் வேலை செய்யும் கிறிஸ்தவர் தன் விசுவாசத்தை மறைக்காமல் வாழ்வது எப்படி?

திருகோணமலையில் புதிதாக அரச வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள், கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வேறு சமயம், கழுத்தில் சிலுவை தெரிந்தால் மதம் பரப்ப வந்தவர் என்று நினைப்பார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடுங்கள். திருநீறு, தொப்பி, கையில் பௌத்தர்கள் கட்டுகிற பிரித் நூல் என்று எல்லாம் கலந்து நடமாடுகிற ஊர் இது, உங்கள் சிலுவை யாருக்கும் புதினமில்லை. ஆனால் ஒன்று, அதற்குப் பிறகு நீங்கள் எரிந்து விழுந்தாலும் சரி, அன்பாகக் கதைத்தாலும் சரி, "வேதக்காரர் இப்படித்தான்" என்றுதான் சனம் சொல்லும்.

புனித யோசேப் வாஸ் அடிகளாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1687இல் கோவாவிலிருந்து வந்தவர், ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் தடைசெய்திருந்த யாழ்ப்பாணத்தில் பிச்சைக்காரர் கோலத்தில் கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் போனார், அதைப் பார்த்து யார் முகம் மலர்கிறது என்று கண்டுபிடிப்பதற்காக. அது நம்மவர்களுக்கான அடையாளம். மற்றவர்களுக்கு அவர் யார் என்று தெரிந்தது 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது. நோயாளிகளைச் சொந்தக்காரர்களே கைவிட்டுப் போக, அவரும் உறவினரான இன்னொரு குருவும் சமயம் பாராமல் புண் கழுவி, உணவு கொடுத்து, இறந்தவர்களைப் புதைத்தார்கள். பௌத்த மன்னரே அதை மதித்தார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பெரியம்மைதான்.

நான் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன், கல்லாவுக்கு மேலே திரு இருதய ஆண்டவர் படம் இருக்கிறது. 2022இல் பால்மா தட்டுப்பாடு வந்தபோது பின்னால் ஒளித்து வைத்துக் கூடின விலைக்குக் கொடுத்திருந்தால், அந்தப் படத்தைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்திருக்க வேண்டும். குறித்த விலைக்கே கொடுத்தோம், கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு முதலில். பிரசங்கம் எதுவும் வைக்கவில்லை. உங்களுக்கு இதே சோதனை மேசையில் வரும்: ஒரு கோப்பு நகர்வதற்காகச் "சந்தோசமாக" நீட்டப்படுகிற காசு, மூதூரிலிருந்து பஸ் ஏறி வந்த வயதான அம்மாவிடம் "நாளைக்கு வாங்கோ" என்று சொல்லத் தோன்றுகிற நேரம். மற்றவர்கள் முன்னால் ஒளி வீசட்டும் என்ற மத்தேயு 5:16ஐயும், மனிதர் பார்க்க வேண்டுமென்று அறம் செய்யாதீர்கள் என்ற 6:1ஐயும் சேர்த்து வாசியுங்கள், இரண்டும் ஒரே மலைப்பொழிவில்தான் வருகின்றன.

மதமாற்றப் பயத்தையும் லேசாக எடுக்க வேண்டாம். 2004இல் மதமாற்றத்துக்கு எதிரான சட்டமூலமே நாடாளுமன்றம் வரை போன நாடு இது. அதனால் யாருக்காவது ஒரு உதவி செய்தால் அதோடு துண்டுப் பிரசுரத்தையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள், கையோடு கோயிலுக்கு அழைக்காதீர்கள். அவர்களாகக் கேட்டால் மனம் திறந்து சொல்லுங்கள், அப்போது கூச்சப்படக் கூடாது.

அப்புறம், கந்தோரில் வாணி விழா வரும். நான் என்றால் போய்க் கதிரை அடுக்கிக் கொடுப்பேன். பிரசாதம் எடுப்பதா இல்லையா என்பதில் நம்மவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, 1 கொரிந்தியர் 10ஐ வாசித்து உங்கள் மனச்சாட்சிப்படி செய்யுங்கள். வேண்டாம் என்றாலும் முகம் சுளிக்காமல், கும்பிட்டுச் சொல்லுங்கள்.