வேலையை விட்டுவிட்டுப் பை தைக்கப் போகலாமா?

கேள்வி: ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் முழுநேர வேலை பார்க்கிறேன். ஒன்றரை ஆண்டாக, மாலையிலும் விடுமுறை நாள்களிலும் கேன்வாஸ் தோள்பை தைத்து ஆன்லைனில் விற்கிறேன். வாரத்துக்குச் சுமார் 10 மணி நேரம் கிடைக்கிறது. மாதம் 20 பை போகிறது. துணி, ஜிப், நூல் போக பாதிக்கு மேல் லாபம் நிற்கிறது. தவணையில் ஒரு இண்டஸ்ட்ரியல் தையல் மிஷின் வாங்கி, 6 மாதத்தில் வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். 8 மாதக் குடும்பச் செலவுக்குச் சேமிப்பு உண்டு. சரியான முடிவா? செலவு விவரங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: தொழிலை விடாதீர்கள். ஆனால் 6 மாதக் கெடு வேண்டாம், மிஷினும் இப்போதைக்கு வேண்டாம். மாதா மாதம் சம்பளம் வந்து விழும்வரை, பகுதிநேரத் தொழிலில் எங்கே பணம் ஒழுகுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

ஒரு பையின் விற்பனை விலையை 100 என்று வைத்து, நீங்கள் அனுப்பிய தொகைகளையெல்லாம் அந்த அளவுக்கு மாற்றிக்கொள்கிறேன். துணியும் லைனிங்கும் 28. ஜிப், பக்கிள், நூல், கைப்பிடிப் பட்டை 9. இதுவரை 37, மிச்சம் 63 என்று நீங்கள் நிறுத்திக்கொண்டீர்கள். இன்னும் இருக்கிறது: பேக்கிங் 4, கூரியர் 10, விற்பனைத் தளமும் பணப்பரிமாற்றமும் பிடித்துக்கொள்ளும் கழிவு 6, திரும்பி வரும் பைகளுக்கும் வெட்டும்போது வீணாகும் துணிக்கும் 3. ஆக 60. ஒரு பைக்கு உண்மையில் நிற்பது 40.

விளம்பரம், மின்சாரம், மிஷின் சர்வீஸ், மாதிரிக்குத் தைத்துப் பார்க்கும் பைகள் என்று, விற்றாலும் விற்காவிட்டாலும் ஆகிற செலவு மாதம் 320. அதாவது முதல் 8 பைகள் இதை அடைக்கவே போய்விடுகின்றன. 20 பைக்கு 800 வந்து, 320 போனால் 480. ஒரு பைக்கு வெட்ட 15 நிமிடம், தைக்க 70, நூல் கத்தரித்துப் பேக் செய்ய 15, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லவும் படம் போடவும் 20 என்று எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் 2 மணி நேரம். 40 மணி நேர உழைப்புக்கு 480 என்றால் மணிக்கு 12. உங்கள் சம்பளத்தை, போய்வரும் நேரத்தையும் சேர்த்து மாதம் 200 மணி நேரத்தால் வகுத்தால், இதே அளவில் மணிக்கு 30 வருகிறது. 30 தரும் வேலையை விட்டு 12 தரும் வேலைக்குப் போகக் கேட்கிறீர்கள். இந்த 12-ஐ உயர்த்த வழி இருக்கிறது, அதை வேலையில் இருந்துகொண்டேதான் செய்து பார்க்க வேண்டும்.

முதலில் விலை. 100-ஐ 115 ஆக்குங்கள். கழிவு 6.9 ஆகும், மற்ற செலவு மாறாது. ஒரு பைக்கு 54 நிற்கும். வாடிக்கையாளர் ஓடிவிடுவார்களோ என்று பயப்படுவது இயல்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பழைய விலையில் 20 பைக்கு 800, புது விலையில் 15 பைக்கே 810. நாலில் ஒருவர் போனாலும் வருமானம் குறையாது, 10 மணி நேரம் மிச்சம். கையில் நேரம் குறைவாக இருப்பவர் மலிவு விலையில் போட்டி போடுவதில் அர்த்தமே இல்லை. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஆர்டர்களை மட்டும் பழைய விலைக்கே கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது நேரம். ஒவ்வொரு பையாக வெட்டித் தைக்காதீர்கள். அட்டையில் பேட்டர்ன் போட்டு, துணியை ஆறு மடிப்பாக விரித்து, கிளிப் போட்டு ஒரே தடவையில் வெட்டுங்கள். ஒரு நாள் வெட்டு மட்டும், இன்னொரு நாள் ஜிப் மட்டும், அடுத்த நாள் ஓரம் மூட்டுவது மட்டும். நூல் நிறத்தையும் ஊசியையும் மாற்றுகிற நேரமே பெரிதாகக் குறையும். வாடிக்கையாளர் கேட்கும் அளவு, நிறம், டெலிவரி நாள் மூன்றையும் ஒரு படிவத்தில் வாங்கிவிட்டால் 20 நிமிடப் பேச்சு பாதியாகும். 120 நிமிடத்தை 95 ஆக்க முடிந்தால் அதே 40 மணி நேரத்தில் 25 பை. 25-ஐ 54-ஆல் பெருக்கி, 320 கழித்தால் 1,030. மணிக்குக் கிட்டத்தட்ட 26. சம்பளத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. புதிதாக ஒரு பைசா முதலீடு இல்லை.

மிஷின் விஷயம். உங்கள் தொல்லை கைப்பிடி சேரும் இடத்தில்தான்: ஏழெட்டு மடிப்பு கேன்வாஸ் சேர்வதால் வீட்டு மிஷின் தையலை விட்டுவிட்டுப் போடுகிறது, ஊசி ஒடிகிறது. 110 எண் ஊசி போட்டு, அந்த இடத்தில் மட்டும் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைத்துப் பாருங்கள். சரிவரவில்லை என்றால், அந்த ஒரு மூட்டை மட்டும் கனமான மிஷின் வைத்திருப்பவரிடம் பீஸ் ரேட்டுக்குக் கொடுங்கள். நீங்கள் சொன்ன தவணை மாதம் 200. 25 பைக்கு அது ஒன்றுக்கு 8 ஆகிறது. 10 பைதான் விற்ற மாதத்தில் 20. பீஸ் ரேட் 5 கொடுத்தால் ஆர்டர் இருந்தால்தான் செலவு. மூன்று மாதம் தொடர்ந்து ஆர்டர் தேங்கி நின்றால் அப்போது வாங்கலாம்; அதுவும் பழைய மிஷின், தொழில் பணத்தில்.

மொத்த ஆர்டர்தான் பகுதிநேரக்காரரைக் கவிழ்க்கும். ஒரு நிறுவனம் 85 விலையில் 100 பை கேட்டு, 60 நாள் கழித்துப் பணம் என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி, ஜிப், பேக்கிங்குக்கு மட்டும் 4,100 முன்கூட்டியே போடவேண்டும். வாரம் 10 மணி நேரத்தில் 100 பைக்கு 4 மாதம் ஆகிவிடும், இடையில் வழக்கமான வாடிக்கையாளருக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. 50 சதவீத முன்பணம் இல்லாமல் துணியில் கத்தரி வைக்காதீர்கள். 85-இல் பாதி 42.5, பொருள் செலவு 41. ஒருவேளை பாக்கி வராமலே போனாலும் உங்கள் உழைப்புதான் போகும், சேமிப்பு தப்பிக்கும்.

கணக்கை இந்த மாதமே பிரியுங்கள். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு. சம்பளக் கணக்கிலிருந்து அங்கே போகும் ஒவ்வொரு தொகையையும், தொழிலுக்கு நீங்கள் கொடுத்த கடன் என்று தேதியோடு எழுதுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சொந்தக் கணக்கு என்றால் அவர்களும் தள்ளிப்போடுவதுதான் வழக்கம். அந்தக் கடனுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். 8 மாதச் சேமிப்பில் 6 மாதத்தைத் தொடவே கூடாது. மீதி 2 மாதத் தொகை தீர்ந்தால், நிறுத்தி யோசிக்க வேண்டும் என்று இப்போதே வீட்டில் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நஷ்டம் வந்த பிறகு போடும் வரம்பு தினமும் நகரும்.

வரியில் பலர் ஏமாறுவது ஒரே இடத்தில். வருமானம் கூடக்கூட வரி விகிதமும் கூடும் முறையில், தொழில் லாபம் சம்பளத்தின் மேல் சேர்வதால் உங்கள் உச்ச விகிதத்தில்தான் வரி விழும். சம்பளத்தில் அலுவலகமே பிடித்துக் கட்டிவிடும்; இதில் யாரும் பிடிக்கமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு மாத லாபத்திலும் அந்த விகிதத்துக்கு உரிய தொகையை ஒதுக்கி வையுங்கள். பல நாடுகளில் இதை ஆண்டு முடிவதற்கு முன்பே தவணையாகக் கட்டவேண்டும், தவறினால் வட்டி உண்டு. விற்பனை வரிப் பதிவுக்கான வரம்பை எப்போது தொடுவீர்கள் என்பதையும் ஒரு ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.

வேலை ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். வெளி வேலைக்கு அனுமதி தேவை என்று இருந்தால் எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி அனுமதி மேலாளர் மாறும் நாளில் செல்லாது. அலுவலக லேப்டாப், மின்னஞ்சல், வேலை நேரம் மூன்றும் தொழில் பக்கம் வரக்கூடாது. சக ஊழியர்களிடம் விற்பதையும் தவிர்ப்பது நல்லது.

இனி, எப்போது விடலாம்? உங்கள் வீட்டுச் செலவு இந்த அளவில் மாதம் 4,500. முழுநேரமாக இறங்கினால் விளம்பரமும் மற்றதும் கூடி, நிலையான செலவு 900-க்குக் குறையாது. இரண்டும் சேர்ந்து 5,400; ஒரு பைக்கு 54 என்றால் மாதம் 100 பை விற்றாக வேண்டும். தைக்க 158 மணி நேரம், அது முடியும். ஆனால் வரி இதில் சேரவில்லை. அலுவலகம் இப்போது கட்டும் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பங்கு இரண்டையும் நீங்களே கட்டவேண்டியதும் சேரவில்லை. 115, 120 பை என்று நினைத்துக்கொள்ளுங்கள். இன்று போவது 20.

நேரம் இல்லாததால்தான் 20-இல் நிற்கிறதா, வாங்க ஆள் இல்லாததாலா? இது தெரியாமல் ராஜினாமாக் கடிதம் எழுதக்கூடாது. ஒரு நோட்டு போடுங்கள். நேரமில்லை என்று திருப்பி அனுப்பிய ஆர்டர், காத்திருக்க முடியாமல் போனவர், இரண்டையும் தேதியோடு குறியுங்கள். விலை மட்டும் கேட்டுப் போனவர்களை எண்ணாதீர்கள். விற்றதும் திருப்பியதும் சேர்ந்து, புது விலையில், பண்டிகைக் காலம் தவிர்த்த 6 மாதங்களில் ஒவ்வொரு மாதமும் 80 பையைத் தாண்டினால் மறுபடி எழுதுங்கள், விடுவதைப் பற்றிப் பேசலாம். திருப்பியது மாதம் ஐந்தாறுதான் என்றால், வேலையை விட்டாலும் கூடுதலாகக் கிடைக்கும் நேரத்தில் தைக்க ஆர்டர் இருக்காது. வீட்டுக் கடன் மாதிரி பெரிய கடன் ஏதாவது மனதில் இருந்தால் அதைச் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். சொந்தத் தொழில் செய்பவரிடம் வங்கிகள் பெரும்பாலும் சில ஆண்டுக் கணக்கைக் கேட்கும்.