வகுப்பில்லாமல் ஜப்பான் மொழி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் வீட்டிலிருந்தே ஜப்பான் மொழி படித்ததாக எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கடிதம். நான் ஒரகடம் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல். எங்கள் லைனுக்கு அவ்வப்போது ஜப்பானிலிருந்து பொறியாளர்கள் வருவார்கள். மொழி தெரிந்தால் அங்கே பயிற்சிக்குப் போக வாய்ப்பு உண்டு என்கிறார்கள். வகுப்புகள் எல்லாம் சென்னைக்குள், சனி ஞாயிறில். எனக்கு வாரம் ஒரு ஷிப்ட் மாறும். அதனால் மூன்று மாதமாக நானே படிக்கிறேன். இங்கிலீஷில் எழுதிய ஒரு புத்தகம், போனில் இரண்டு ஆப். சொற்களை இங்கிலீஷ் எழுத்தில் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். பெயருக்குப் பின்னால் ஒட்டும் உருபாக 'வா', 'கா' என்று இரண்டு வருகிறதே, அதில் சிக்கி நிற்கிறேன். விளக்கத்தை எத்தனை முறை படித்தாலும் ஏறவில்லை. என் இங்கிலீஷும் சுமார்தான். வாத்தியார் இல்லாமல் இந்த மொழி வருமா? தமிழும் ஜப்பான் மொழியும் ஒரு தாய் பிள்ளைகள் என்று வாட்ஸ்அப்பில் வருவது உண்மையா? என் பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

வரும். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் அந்த நோட்டைத்தான் மாற்றச் சொல்லத் தோன்றியது. இங்கிலீஷ் எழுத்தில் எழுதிப் படிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அவர்களுக்கு ஒலியை எழுதும் எழுத்து இரண்டு வகை: ஹிரகனாவில் அடிப்படை எழுத்து 46, கதகனாவிலும் 46. தமிழில் 247 எழுத்து படித்து வந்தவருக்கு இது பெரிய பாரமே இல்லை. தினம் பத்து எழுத்து, கையால் எழுதிப் பழகினால் இரண்டு வாரத்தில் இரண்டும் வந்துவிடும். வரிசைகூட அ, இ, உ, எ, ஒ, அப்புறம் க, ச, த, ந என்றுதான் போகும். பௌத்தத்தோடு அங்கே போன சமஸ்கிருத எழுத்து முறையிலிருந்து வந்த வரிசை அது.

அடுத்தது, இங்கிலீஷ் வழியாக இலக்கணம் படிப்பது. நீங்கள் 'வா', 'கா'வில் நிற்பதற்கு உங்கள் இங்கிலீஷ் காரணமில்லை. அந்த விளக்கம் இங்கிலீஷ்காரருக்காக எழுதப்பட்டது. அவர் மொழியில் இல்லாத ஒன்றை அவருக்குச் சொல்லிப் புரிய வைக்கிறது. நமக்கு அது வாயிலேயே இருக்கிறது.

'ராமுவா? அவன் ஊருக்குப் போயிட்டான்.' 'சம்பளமா, அது இன்னும் வரல.' இப்படி, யாரைப் பற்றி, எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று முதலில் எடுத்து வைத்துவிட்டு, பிறகு சேதி சொல்கிறோம் இல்லையா? அந்த எடுத்து வைக்கும் வேலையைச் செய்வது 'வா'. இப்போது சூப்பர்வைசர் வந்து, 'மெஷினை யார் நிறுத்தினது?' என்கிறார். 'நான்தான்' என்கிறீர்கள். அந்த இடத்தில் வருவது 'கா'. இன்னும் ஒன்று பாருங்கள். 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்.' இதில் மாம்பழத்துக்கு 'ஐ' உருபு இல்லை, எழுவாயாக நிற்கிறது. ஜப்பான் மொழியிலும் பிடிக்கிற பொருளுக்கு 'கா'தான் போடுவார்கள். 'எனக்குத் தமிழ் புரியும்', 'எனக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்' எல்லாம் இதே அமைப்பு. இங்கிலீஷ் வழியாகப் போனால் மாம்பழம் செயப்படுபொருளாகிவிடும், அப்புறம் ஏன் 'கா' என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டும். இதோடு 'வா', 'கா' சங்கதி முழுக்க முடிந்துவிடாது, அது வருஷக்கணக்கில் பழகிப் பழகி வருவது. ஆனால் வாசல் தாண்டிவிடலாம்.

இப்படி நிறைய இருக்கிறது. 'தபெதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'தபெதெ' சாப்பிட்டு, 'மிரு' பார். கண்ணால் பார்ப்பதற்கும் அதே 'மிரு'தான். 'கத்தெ ஒகு' என்றால் வாங்கி வை. 'ஒகு' என்றால் வை. 'தபெதெ ஷிமத்தா' சாப்பிட்டுவிட்டேன். 'கினோ கிதா ஹிதோ' நேற்று வந்த ஆள், சொல்லுக்குச் சொல் அப்படியே. 'கரா' இருந்து, 'மதெ' வரை, 'மோ' என்பது நம் 'உம்', 'தோ' என்பது 'என்று'. இது, உது, அது, எது என்பதற்கு நேராக கொரெ, சொரெ, அரெ, தொரெ. கேட்பவர் பக்கம் இருப்பதைச் சுட்டும் 'உது' நம் பக்கம் வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரிடம் கேட்டால் 'சொரெ' எப்போது வரும் என்று சரியாகச் சொல்லிவிடுவார். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர் சொல்வது 'இத்தெ கிமாஸ்'. பிரித்தால், போய்விட்டு வருகிறேன். முதன்முதலில் இதைப் பிரித்துப் பார்த்த அன்று, நோட்டை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் குரலில் கேட்டது.

ஆகவே நான் செய்ததைச் செய்யுங்கள். எந்தப் பாடமானாலும் எடுத்துக்காட்டு வாக்கியத்தை ஹிரகனாவில் எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே தமிழ்ச் சொல்லை, உருபோடு, அதே வரிசையில் எழுதுங்கள். பத்து வாக்கியத்தில் ஏழு அப்படியே தமிழாக உட்காரும். உட்காராத மூன்றில்தான் உங்கள் படிப்பு இருக்கிறது.

உட்காராத இடம் எப்படி இருக்கும் என்று ஒன்று சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஜப்பான் மொழியில் 'குரெரு' என்றால் எனக்கோ என்னைச் சேர்ந்தவருக்கோ ஒருவர் கொடுப்பது. நான் பிறருக்குக் கொடுப்பது 'அகெரு'. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் இதுபோல ஒரு விதி இருக்கிறது. தருதல், வருதல் இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதல், கொடுத்தல் இரண்டும் படர்க்கைக்கு. இன்றும் 'எனக்குத் தா', 'அவனுக்குக் கொடு' என்றுதானே சொல்கிறோம். அப்படியானால் குரெரு என்பது தா, அகெரு என்பது கொடு என்று வைத்துக்கொள்ளலாமா? முக்கால்வாசி சரி. ஆனால் நாம் 'நான் உனக்குத் தருகிறேன்' என்போம், எதிரில் இருப்பவரையும் நம்மோடு சேர்த்துக்கொள்வோம். அவர்கள் சேர்ப்பதில்லை, அங்கே 'அகெரு'தான். வருதலும் இப்படியே. ஜப்பானியப் பொறியாளர் போனில் கூப்பிட்டால் நமக்கு 'இதோ வரேன்' என்று வாயில் வரும். அவர்கள் 'இமா இகிமாஸ்', இப்போது போகிறேன், என்பார்கள். கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். தொல்காப்பியர் கேட்பவர் பக்கத்தையும் உள்ளே வைத்துக் கோடு போட்டார், ஜப்பானியர் தன்னைச் சுற்றி மட்டும் போடுகிறார்கள். இதை இங்கிலீஷில் எத்தனை பக்கம் படித்தாலும் இவ்வளவு தெளிவாக எனக்கு விளங்கியிருக்காது.

இதனால் இரண்டு மொழியும் ஒரு தாய் பிள்ளைகள் ஆகிவிடாது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் அந்தக் கருத்தைப் பல ஆண்டுகள் உழைத்து முன்வைத்தார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இருவரும் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்தார்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவதும் உருபு பின்னால் ஒட்டுவதும் கொரிய மொழியிலும் துருக்கியிலும்கூட உண்டு. உறவு நிரூபணமாகாவிட்டாலும் உங்கள் படிப்புக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் உறவுக்காரராக இருந்தால்தான் உதவுவாரா?

ஒலிக்கு வருகிறேன். குறில் நெடில் நமக்குச் சுலபம். 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி. இங்கிலீஷ்காரர் தடுமாறும் இந்த இடத்தில் நாம் தடுமாற மாட்டோம். நாம் தடுமாறுவது வேறு இடத்தில். தமிழில் இரண்டு உயிருக்கு நடுவில் வல்லின எழுத்து தனியாக வந்தால் மெலிந்துவிடும், இரட்டித்தால்தான் வலிக்கும். ஜப்பான் மொழியில் இரட்டிக்காமலே வலிக்க வேண்டும். நான் வாரம் ஒருமுறை ஒரு ஜப்பானிய அம்மாளோடு பேசுவேன், அவருக்குத் தமிழ், எனக்கு ஜப்பான் மொழி. ஒருநாள் பெர்சிமன் பழம் எனக்குப் பிடிக்கும் என்று சொன்னேன். அந்தப் பழத்தின் பெயர் 'ககி'. அதன் நடுவில் வருவது 'பக்கம்' என்பதில் உள்ள க, ஆனால் ஒற்று இல்லாமல். என் வாயில் வந்ததோ 'தங்கம்' என்பதில் உள்ள க. அது சாவி. எனக்குச் சாவி பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறேன். அவர் திருத்தினார். திருத்தியும் என் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது. அதற்கு முன் இரண்டு வருடம் தனியாகப் படித்திருக்கிறேன், ஆயிரக்கணக்கான சொற்களை மனதுக்குள் தப்பாகவே உச்சரித்து வைத்திருக்கிறேன். அவற்றைத் திருத்த ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. உங்களுக்கு அது நேரக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒற்று இன்னொன்று. நம் இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை. அங்கே ஒற்றுக்கு ஒரு முழுத் தட்டு. 'நிப்பொன்' என்ற சொல்லுக்கு நி, ப், பொ, ன் என்று நான்கு தட்டு. தொடையில் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள்.

கஞ்சிக்கு, அதாவது சீன எழுத்துக்கு, குறுக்கு வழி எதுவும் நான் கண்டதில்லை. பொதுப் பயன்பாட்டுக்கு அரசு வகுத்த பட்டியலில் 2136 எழுத்து. ஜப்பானியக் குழந்தையே ஆறு வருட ஆரம்பப் பள்ளியில் 1026தான் படிக்கிறது, முதல் வகுப்பில் 80. நீங்கள் தினம் மூன்று படித்தால் போதும், விட்டுவிடாமல். மனப்பாடத்துக்கு ஆங்கி என்ற ஆப் போதும். மறக்கப்போகும் நேரம் பார்த்து அட்டையைத் திரும்பக் காட்டும். ஜப்பான் மொழி படித்துக்கொண்டிருந்த ஒருவர் தனக்காகவே செய்துகொண்டது அது, பெயருக்கே மனப்பாடம் என்றுதான் பொருள். மற்ற ஆப்களை அழித்துவிடலாம். தொழிற்சாலையையும் பயன்படுத்துங்கள். அங்கே வேலையிடத்தை ஒழுங்காக வைக்கச் சொல்லும் 5எஸ் பலகை மாட்டியிருந்தால் அதிலுள்ள செய்ரி, செய்தொன் எல்லாம் ஜப்பான் சொற்கள்தான். வேலையைத் தொடர்ந்து மேம்படுத்துவதைக் குறிக்கும் கைசென் என்பதில் 'கை' மாற்றுவது, 'சென்' நல்லது. வெளியே போகும் வழிக்கு அவர்கள் எழுதுவது இரண்டே எழுத்து: வெளியேறு, வாய். நம் வாசல் என்ற சொல்லும் வாயில் என்பதிலிருந்து வந்ததுதானே. அப்படி ஒன்றோடு ஒன்றைக் கட்டி வைத்தால் அவிழாது.

பாடத்துக்கு ஜப்பான் ஃபவுண்டேஷன் வெளியிட்டிருக்கும் 'இரோதோரி' பாடநூலை இறக்கிக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவோடு இலவசம். ஜப்பானில் வாழவும் வேலை பார்க்கவும் போகிறவர்களை மனதில் வைத்தே செய்தது. அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன், பார்க்கலாம், காதுக்கு நல்லது. ஆனால் அதில் கேட்கிற பேச்சை மேலதிகாரியிடம் பேசிவிடாதீர்கள். நாம் 'வா', 'வாங்க' என்று பிரிப்பதைவிட அவர்களுக்கு அது இன்னும் கண்டிப்பு. முதல் ஒரு வருடம் 'மாஸ்' என்று முடியும் மரியாதை வடிவத்தை மட்டும் பேசுங்கள்.

ஜேஎல்பிடி என்ற ஜப்பான் மொழித் திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும், சென்னையிலேயே எழுதலாம். கீழ்நிலையான என்5-க்கு 180 மதிப்பெண்ணில் 80 எடுத்தால் தேர்ச்சி, பகுதிவாரியாகவும் ஒரு குறைந்தபட்சம் உண்டு. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது காட்டலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். அதில் பேச்சுத் தேர்வு கிடையாது. விடையைத் தேர்ந்தெடுத்துக் குறிப்பதுதான். வாயே திறக்காமல் மேல்நிலைவரை தேறிவிடலாம்.

இங்கேதான் உங்கள் கேள்விக்கு என் உண்மையான பதில். இலக்கணம் சொல்லித்தர உங்களுக்கு வாத்தியார் வேண்டாம், தமிழ் போதும். உங்கள் வாயைக் கேட்க ஒரு ஆள் வேண்டும். அவர் வாத்தியாராக இருக்க வேண்டியதில்லை. மொழி மாற்றிக் கற்கும் ஜப்பானியர் ஒருவர் கிடைத்தால் மிக நல்லது. உங்கள் லைனுக்கு வருகிற பொறியாளரிடம் 'இதைச் சரியாகச் சொல்கிறேனா?' என்று தினம் ஒரு சொல் கேளுங்கள். நான் பழகியவர்கள் யாரும் அதற்கு முகம் சுளித்ததில்லை. முதல் மாதத்திலிருந்தே கேளுங்கள், என்னைப்போல் இரண்டு வருடம் காத்திருக்காதீர்கள்.

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு நாங்கள் ஐந்து பேர் போனில் கூடி ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கிறோம். அந்த ஜப்பானிய அம்மாள் மாதம் ஒருமுறை வருவார். நீங்களும் வரலாம், மின்னஞ்சலில் இணைப்பு அனுப்புகிறேன். இரவு ஷிப்ட் வாரத்தில் வர முடியாவிட்டால் அரை நிமிடம் வாசித்துப் பதிவு செய்து அனுப்புங்கள். முதல் பதிவில் பழமும் சாவியும் இருக்கட்டும், கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா