சிவப்புக் கல் பதித்த புரோச்சைத் துலக்கலாமா?

வணக்கம். வட பிரான்சில் உங்கள் நண்பர் உலோகங்காட்டும் கருவியால் வயலில் கண்டெடுத்த, சிவப்புக் கற்கள் பதித்த வட்டப் புரோச்சை (ஆடையில் குத்தும் அணிகலன்) எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் துலக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து தண்ணீர்கூடப் பட விடாதீர்கள். அது அப்பகுதியை அக்காலத்தில் ஆண்ட ஜெர்மானிய இனத்தவரான பிராங்கியரின் 6ஆம் நூற்றாண்டு வேலைப்பாடாக இருந்தால், சிறுசிறு அறைகளில் பொருத்திய மெல்லிய கார்னெட் என்னும் சிவப்பு மணிக்கற்களுக்கு அடியில், அவை ஒளிர்வதற்காகக் கட்டங்கட்டமாக அச்சு பதித்த தங்கத் தகடு இருக்கும். அதற்கும் கீழேயுள்ள பசை இளகினால் கற்கள் உதிர்ந்துவிடக்கூடும். (அக்காலக் கார்னெட்டுகளில் பல இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றவை என்பதால் எனக்கு இதில் தனி அக்கறை உண்டு.) ஒட்டியிருக்கும் மண்ணோடு அப்படியே பெட்டியில் வைத்து, எடுத்த இடத்தைத் துல்லியமாகக் குறித்து, ஊர் மேயரிடமும் வட்டாரத் தொல்லியல் பிரிவிடமும் உடனே தெரிவிக்கச் சொல்லுங்கள். உரிய அரசு அனுமதியின்றிக் கருவியால் தொல்பொருள் தேடுவது அங்கே சட்டவிரோதம் என்பதால், முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசுவதில் தவறில்லை. அவ்விடத்தில் கல்லறை இருக்கக்கூடும். இனி மண்வெட்டி படவே கூடாது.