ஆவடி தனி நகரமா, சென்னையின் ஒரு பகுதியா?

நிர்வாகத்தில் தனி நகரம்தான். திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் ஆவடி 2019இல் மாநகராட்சியானது. 2022 முதல் தனிப் போலீஸ் கமிஷனரகமும் இயங்குகிறது. ஆனால் சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் சென்னை எங்கே முடிகிறது என்று தெரியாது.

இருந்தாலும் இதை வெறும் 'தூங்கி எழும் புறநகர்' என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இந்த ஊருக்குச் சொந்தத் தொழில் உண்டு. 1960களில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. விஜயந்தா தொடங்கி அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் வரை இந்திய ராணுவத்தின் டாங்கிகள் இங்கிருந்துதான் வெளிவருகின்றன. அர்ஜுனை வடிவமைத்த ஆய்வு நிறுவனமும் இங்கேதான் இருக்கிறது. தொழிற்சாலையைச் சுற்றி ஊழியர் குடியிருப்புகளும் பள்ளிகளும் வளர்ந்தன. பல மாநிலத்தவர் குடியேறினார்கள். விமானப்படைத் தளமும் சேர்ந்துகொண்டது.

1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு இங்கே கூடி, 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. நாட்டின் பொருளாதாரப் பாதையில் அது ஒரு முக்கியத் திருப்பம்.

பழமை வேண்டுமென்றால், மாநகராட்சி எல்லைக்குள்ளேயே திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயில் இருக்கிறது; சுந்தரர் பாடிய தலம். கருவறைக்கு முன்னுள்ள வெள்ளெருக்குத் தூண்களைத் தவறாமல் பாருங்கள். மாலையில் நடக்கப் பருத்திப்பட்டு ஏரிக்கரை நல்ல இடம்.